ஆற்றில் போட்ட கார்பன்

உலகத்தின் முதல் கார்பன் வியாபாரம் 1988-ல் அமெரிக்காவில் நடந்தது என்று பெரிய படிப்புப் படித்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். மங்கலம்பேட்டையில் அதை ஒப்புக்கொள்ள மாட்டோம். விருத்தாசலத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவில், பஸ்ஸில் கண்ணயர்ந்தால் தவறவிடக்கூடிய ஊர்தான் எங்களுடையது. ஆனாலும் பெருமை கோருவதில் சளைத்தவர்கள் இல்லை. எங்களுக்குத் தெற்கே மணிமுத்தாற்றங்கரையில் அந்த வியாபாரம் ஏறத்தாழ 1,200 வருஷத்துக்கு முன்பே சகல சடங்குகளோடும் நடந்தேறிவிட்டது. வாங்கியவர் சுந்தரர். கொடுத்தவர் விருத்தாசலத்துச் சிவன் பழமலைநாதர்.

சுந்தரருக்குத் திருவாரூரில் பங்குனி உத்திரச் செலவு. வீட்டில் பரவையார் பட்டியல் போட்டுவிட்டார். பட்டியலோடு வீட்டை விட்டுக் கிளம்பும் கணவன்மார் நண்பனைத் தேடுவார்கள். சுந்தரருக்கு நண்பன் சிவபெருமான். திருமுதுகுன்றத்துக்கு, அதாவது விருத்தாசலத்துக்கு வந்து பாடினார். பன்னீராயிரம் பொன் கிடைத்தது. இப்போது அடுத்த கவலை: இதைத் திருவாரூர் வரை எப்படித் தூக்கிக்கொண்டு போவது?

“சுந்தரா, கவலை எதற்கு? இந்த ஆற்றில் போட்டுவிட்டுப் போ. திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்” என்றார் பெருமான்.

மணிமுத்தாறு வெள்ளாற்றில் கலந்து பரங்கிப்பேட்டைப் பக்கம் கடலுக்குப் போய்விடும். திருவாரூர்க் கமலாலயக் குளத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இந்தத் திட்டத்தில் பொதுப்பணித் துறை இன்ஜினீயர் எவரும் கையெழுத்துப் போட மாட்டார். சுந்தரர் போட்டார். ஆனால் ஆள் விவரமானவர். ஆற்றில் விடுமுன் ஒரு துண்டை வெட்டி மாதிரிக்கு இடுப்பில் முடிந்துகொண்டார்.

திருவாரூர் போய்க் குளத்தில் இறங்கித் துழாவினால் பாசிதான் வந்தது. கரையில் நின்ற பரவையார் சிரித்தார். “ஆத்துல போட்டுட்டுக் குளத்துல தேடுற ஆளை இப்பதான் பாக்குறேன்.” சுந்தரர் மானம் போக ஒரு பதிகம் பாடினார். பொன் வந்தது. இடுப்பு மாதிரியோடு உரசிப் பார்த்தார். மாற்றுக் குறைவு! விடுவாரா? மறுபடி பாடினார். தரம் ஏறியது. தரம் பார்த்த பிள்ளையார் மாற்றுரைத்த விநாயகர் என்ற பட்டத்தோடு இன்றும் திருவாரூரில் உட்கார்ந்திருக்கிறார்.

இன்றைய கார்பன் சந்தையில் என்னென்ன உண்டோ அத்தனையும் இதில் இருக்கின்றன. ஓரிடத்தில் போட்டது வேறிடத்தில் வரவு. கைவசம் மாதிரி. சரக்கு வந்த பிறகு சோதனை. குறைந்தால் புகார், புகாருக்கு ஈடு. ஓட்டை ஒன்றே ஒன்றுதான்: சரக்குக் கொடுத்தவர் அப்பா, சோதித்தவர் பிள்ளை. இந்த ஓட்டையை மட்டும் உலகம் பத்திரமாகக் காப்பாற்றி வருகிறது. இன்றும் பெரும்பாலான கார்பன் திட்டங்களில், திட்டம் நடத்துகிறவரே சோதனைக்காரரைத் தேர்ந்தெடுக்கிறார். கூலியும் அவரே கொடுக்கிறார்.

தண்ணி யாரு ஊத்துறது?

விஷயம் இதுதான். ஒருவர் இங்கே புகை விடுவார். வேறெங்கோ ஒருவர் மரம் நடுவார், அல்லது தன் புகையைக் குறைப்பார். அதற்கு ஒரு சீட்டுக் கிடைக்கும். ஒரு சீட்டு என்றால் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு. புகை விட்டவர் அந்தச் சீட்டை வாங்கித் தன் கணக்கில் கழித்துக்கொள்வார். சட்டம் பிடரியைப் பிடிக்காமல், நல்ல பேருக்காகத் தானாக வாங்கினால் அது தன்னார்வக் கார்பன் சந்தை.

1988-ல் ஏஇஎஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு நிலக்கரி மின் நிலையத்தைக் கையில் எடுத்திருந்தது. மனசாட்சி உறுத்தியது. உறுத்தினால் நிலக்கரியை விட்டுவிடலாம். ஆனால் அதைவிடச் சல்லிசான வழி குவாத்தமாலாவில் கிடைத்தது. கம்பெனி இருபது லட்சம் டாலர் கொடுக்கும். கேர் என்ற தொண்டு நிறுவனம் அந்த ஊர் விவசாயிகளைக் கொண்டு பத்து வருஷத்தில் ஐந்து கோடியே இருபது லட்சம் மரம் வளர்க்கும். மின் நிலையம் ஆயுள் முழுக்க விடும் புகை கணக்கில் கழிந்துபோகும். பிற்பாடு அளந்து பார்த்தவர்கள் கணக்கு இலக்கைத் தொடவில்லை என்றார்கள். மின் நிலையமோ 2011-ல் திவாலாகி மூடிவிட்டது. மரத்தின் ஆயுளைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்பட்டார்கள், முந்திக்கொண்டது ஆலை.

2002-ல் கோல்ட்பிளே என்ற இங்கிலாந்துப் பாட்டுக் குழு ஓர் ஆல்பம் போட்டது. அதைத் தயாரித்து ஊருக்கு ஊர் அனுப்பிய புகைக்குப் பரிகாரமாகக் கர்நாடகத்தில் பத்தாயிரம் மாங்கன்று நடுவதாக ஏற்பாடு. இடம் குடிபண்டே. வானத்தைப் பார்த்து விவசாயம் செய்கிற, வறட்சிக்குப் பேர்போன தாலுகா. 2006-ல் லண்டன் பத்திரிகை ஒன்று ஆள் அனுப்பிப் பார்த்தது. கன்றுகளில் கணிசமானவை தண்ணீரில்லாமல் காய்ந்து கிடந்தன. லண்டனில் ஒப்பந்தம் எழுதினார்கள், கணக்கு எழுதினார்கள், பெருமையும் எழுதினார்கள். எங்கள் ஊர்க் கிழவி ஒருத்தியைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தால் ஒரே கேள்வியில் முடித்திருப்பாள்: “கண்ணு நடுறீங்க, சரி. தண்ணி யாரு ஊத்துறது?”

தொலைநோக்கு என்று மாநாடுகளில் பேசப்படுவது இந்தக் கேள்விதான். எண்ணெய் விற்கும் ஷெல் கம்பெனிகூட 1970-களின் தொடக்கத்தில் பியேர் வாக் என்பவரை உட்காரவைத்து, ‘இப்படி நடந்தால் என்ன, அப்படி நடந்தால் என்ன’ என்று கதை கதையாக எழுதிப் பார்த்தது. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது ஷெல் மற்றவர்களைப் போல முழிக்கவில்லை. எண்ணெய் விற்கிறவர்கள் நாளையை நினைத்துப் பார்த்தார்கள். காற்றைக் காப்பாற்ற வந்தவர்கள் நாளை மறுநாள் பத்திரிகைச் செய்தியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

2007-ல் வாடிகனுக்கு ஒரு காடு அன்பளிப்பாக வந்தது. ஹங்கேரியில் ஒரு கம்பெனி மரம் நட்டு, உலகின் முதல் கார்பன் சமன் நாடாக வாடிகனை ஆக்கிவிடுவதாகச் சொன்னது. பாவமன்னிப்புச் சீட்டு விற்ற அனுபவம் நிறைந்த இடம், இம்முறை சீட்டைப் பெற்றுக்கொள்ளும் பக்கம் நின்றது. மூன்று வருஷம் கழித்து ஒரு பத்திரிகை போய்ப் பார்த்தபோது ஒரு மரம்கூட நடப்பட்டிருக்கவில்லை. குடிபண்டேயில் கன்றாவது காய்ந்தது. இங்கே காய்வதற்கும் ஒன்றுமில்லை.

குப்பைக்கு வந்த யோகம்

மரத்தில் ஏமாந்தவர்கள் எந்திரத்தில் சமாளித்துவிடலாம் என்று நினைத்தார்கள். கியோட்டோ ஒப்பந்தத்தின் கீழே ஐ.நா. நடத்திய சிடிஎம் என்ற ஏற்பாடு வந்தது. அது பணக்கார நாடுகளின் சட்டக் கட்டாயத்துக்காக உண்டான சந்தை. தன்னார்வச் சந்தைக்கு அண்ணன். அண்ணன் சறுக்கிய இடத்தில்தான் தம்பியும் சறுக்கினான் என்பதால் அண்ணன் கதையும் தேவைப்படுகிறது.

ஏசிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் வேண்டிய எச்சிஎஃப்சி-22 என்ற வாயுவைத் தயாரிக்கும்போது எச்எஃப்சி-23 என்ற கழிவு வாயு கூடவே வரும். அதில் ஒரு டன்னைக் காற்றில் விட்டால் 11,700 டன் கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம் என்பது அன்றைய கணக்கு. விடாமல் எரித்தால் 11,700 சீட்டு! எரிக்கும் செலவு சீட்டு ஒன்றுக்கு ஒரு யூரோகூட ஆகாது. விற்றால் பல யூரோ. உலகத்தில் 19 ஆலைகள் இதற்காகப் பதிந்தன. சீனாவில் 11, இந்தியாவில் 5. அந்த ஐந்தில் ஒன்று நம் மேட்டூரில்.

2007-ல் மைக்கேல் வாரா என்பவர் ‘நேச்சர்’ இதழில் கணக்குப் போட்டுக் காட்டினார். பத்துக் கோடி யூரோவுக்குள் முடிகிற வேலைக்கு உலகம் நானூறு கோடி யூரோவுக்கு மேல் கொடுக்கப் போகிறது. சரக்கை விற்று வருவதைவிடக் கழிவை எரித்து வருவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இனி எந்த முதலாளிக்குச் சரக்கில் மனம் நிற்கும்? கழிவுக்காகச் சரக்குத் தயாரிக்கும் காலம் பிறந்தது. ரஷ்ய ஆலைகளில், சீட்டு உண்டு என்று ஆனதும் கழிவு வாயுவின் அளவு அதுவரை காணாத உயரத்துக்குப் போனதை 2015-ல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. சுற்றுச்சூழலுக்காக மாசை விசேஷமாகத் தயாரித்துப் பிறகு அதைப் பக்தியோடு எரித்தார்கள்.

2013-ல் இந்தச் சீட்டு வேண்டாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் கதவைச் சாத்தியது. 2016 அக்டோபரில் இந்திய அரசு ஓர் உத்தரவு போட்டது: கழிவு வாயுவைச் சொந்தச் செலவில் எரித்துவிடுங்கள். அவ்வளவுதான். நானூறு கோடி யூரோ மதிப்புள்ள புதிருக்கு விடை ஓர் அரசாணையின் பின்பக்கத்தில் இருந்திருக்கிறது. எல்லா வியாதிக்கும் சந்தை மருந்தில்லை என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை.

சூளைக்கு வருவோம்

ஒரு விதியைப் போட்டால் அமைப்பு முழுக்க எது எது அசையும் என்று பார்ப்பதற்கு முறைமைச் சிந்தனை என்று பேர். அந்தப் பேரைக் கேட்டதும் ஆட்கள் அம்புக்குறி போட்ட படத்தை எடுத்துவிடுவார்கள். அதெல்லாம் வேண்டாம், விருத்தாசலத்துச் சூளை போதும். அங்கே பீங்கான் தொழிற்பேட்டை உண்டு, பீங்கான் தொழில் சொல்லித்தரும் அரசுக் கல்வி நிலையம் உண்டு, அகல் விளக்கிலிருந்து பொம்மை, ஃபியூஸ் கட்டை வரை செய்கிற கைகள் உண்டு. பீங்கான் வேக 1,200 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். சூடு என்றால் எரிபொருள், எரிபொருள் என்றால் புகை.

‘எரிபொருளைக் குறைத்தால் குறைத்த அளவுக்குச் சீட்டு’ என்று ஒருவர் வந்து அறிவிப்பதாக வைத்துக்கொள்வோம். மறுநாள் காலையில் சூளைக்காரர் என்ன செய்வார்? எரிபொருளைக் கூட்டுவார். இந்த வருஷக் கணக்கு கொழுத்தால்தானே அடுத்த வருஷக் குறைப்பு கொழுக்கும்? அவர் கெட்டவர் அல்ல. விதி அவரை அப்படிச் செய்யச் சொல்கிறது. சரி, உருப்படி ஒன்றுக்கு எவ்வளவு எரிபொருள் என்று பார்ப்போம் என்றால், அகல் விளக்கு ஒவ்வொரு வருஷமும் இளைத்து, கடைசியில் எண்ணெய் ஊற்றினால் ஒழுகும். அவர் சூளையையே மூடிவிட்டுச் சீட்டு வாங்கினால், அந்த ஆர்டர் பக்கத்துச் சூளைக்குப் போய் அங்கே புகையும். ஒரு சூளை மூடிய சந்தோஷத்தை வானம் அறியாது.

முறைமைச் சிந்தனையில் பேர்பெற்ற டோனெல்லா மெடோஸ் இதைத்தான் 1999-ல் எழுதினார். ஓர் அமைப்பில் எண்களைத் திருகுவது இருப்பதிலேயே பலவீனமான வழி. அது எந்த நோக்கத்துக்காக ஓடுகிறது என்பதை மாற்றுவது பல மடங்கு வலுவானது. கார்பன் சந்தை பல வருஷம் எண்ணைத்தான் திருகிக்கொண்டிருந்தது. நோக்கம் சீட்டை அச்சடிப்பதாக இருக்கும்வரை சீட்டுத்தான் பெருகும். அதன் பின்னால் டன் இருந்தே தீரவேண்டும் என்று கட்டாயமில்லை.

இல்லைன்னா என்ன ஆயிருக்கும்?

கிழவியின் இரண்டாவது கேள்வி இது. தமிழ்நாட்டுக் காற்றாலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நூற்பாலைகள் தங்கள் சங்கத்தின் பேரில் காற்றாலைகளை ஒரே கட்டாகக் கட்டி சிடிஎம்மில் பதிந்தன. சீட்டுப் பெற ஒரு நிபந்தனை உண்டு: கார்பன் காசு இல்லாவிட்டால் இந்தக் காற்றாலையை நிறுவியிருக்கவே மாட்டோம் என்று காட்டவேண்டும். அதே காலத்தில் காற்றாலை நிறுவினால் முதல் வருஷமே 80 சதவீதம் தேய்மானம் கழித்துக்கொள்ள வருமான வரி விதி இடம் கொடுத்தது. மின்வெட்டும் மின்கட்டணமும் வேறு மில்காரர்களைத் துரத்தின. ஆரல்வாய்மொழிக் காற்றோ எவர் நிதியுதவிக்கும் காத்திராமல் வீசியது. இத்தனை காரணங்களுக்கு நடுவில் எந்தக் காசு எந்த இறக்கையைச் சுற்றியது என்று பிரித்துச் சொல்ல யாரால் முடியும்?

தன்னார்வச் சந்தைக்கென்று வந்த நேர்மைக் கவுன்சில் ஒன்று 2023 மார்ச்சில் நல்ல சீட்டுக்கான விதிகளை வெளியிட்டது. அடுத்த வருஷம் ஆகஸ்டில், பழைய முறைப்படி வந்த புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சீட்டுகளுக்குத் தன் முத்திரை கிடையாது என்று கைவிரித்தது. அன்று கைவசம் இருந்த சீட்டுகளில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அந்த வகை. காற்றாலை நல்லதுதான். ஆனால் எப்படியும் வரவிருந்த நல்லதை இன்னொருவன் புகைக்கு ஈடாக விற்க முடியாது.

காட்டுச் சீட்டின் கதை இன்னும் சுவாரஸ்யம். நிற்கிற காட்டைக் காட்டி, ‘நாங்கள் இல்லாவிட்டால் இது வெட்டுப்பட்டிருக்கும்’ என்று சொல்லிச் சீட்டுப் பெறலாம். ஆபத்தை எவ்வளவு பயங்கரமாக வர்ணிக்கிறீர்களோ அவ்வளவு சீட்டு. பேய்க்கதை எழுத்தாளர்களுக்குப் பொற்காலம். 2023 ஜனவரியில் கார்டியன் உள்ளிட்ட பத்திரிகைகள், வெர்ரா என்ற பெரிய பதிவகத்தின் மழைக்காட்டுச் சீட்டுகளில் 90 சதவீதத்துக்கு மேல் உண்மையான குறைப்பைக் காட்டாதவையாக இருக்கலாம் என்று எழுதின. வெர்ரா கடுமையாக மறுத்தது. பிறகு தன் விதிகளையும் மாற்றியது. புகையில்லா அடுப்புத் திட்டங்களை ஆராய்ந்த பெர்க்லி ஆய்வு, உள்ளதைவிடச் சராசரியாக 9.2 மடங்கு சீட்டுக் கொடுக்கப்பட்டிருப்பதாக 2024-ல் கணக்கிட்டது. புது அடுப்பை வாங்கி அலமாரி மேலே வைத்துவிட்டுப் பழைய அடுப்பிலேயே குழம்பு வைக்கும் பெண்கள் உலகம் முழுக்க உண்டு என்பது எக்செல் தாளுக்குத் தெரியவில்லை. 2021-ல் இருநூறு கோடி டாலரைத் தாண்டிய தன்னார்வச் சந்தை 2023-ல் சுமார் 72 கோடிக்குச் சரிந்தது. நம்பிக்கைக்கும் சந்தை விலை உண்டு.

புயல் வந்தா யாரு பொறுப்பு?

மூன்றாவது கேள்வியைக் கிழவி கேட்க வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் வந்து கேட்டது. எங்கள் கடலூர் மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. தாத்தா நட்டு, அப்பா காய் பறித்து, பிள்ளை கல்யாணத்துக்கு நம்பியிருந்த தோப்புகள் ஒரு காலைக்குள் படுத்தன. புகையோ வானத்தில் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். அதற்கு ஈடாக, ஒரு காற்றுக்குத் தாங்காத மரத்தை எழுதித் தருவது என்ன கணக்கு? எங்கள் பக்கத்துச் சவுக்கு இன்னும் உஷார். மூன்று நான்கு வருஷத்தில் வெட்டுப்பட்டு லாரி ஏறிவிடும்.

இதற்குப் பதிவகங்கள் ஒரு பொதுக் குதிரில் கொஞ்சம் சீட்டை ஒதுக்கி வைக்கின்றன. காடு எரிந்தால் அதிலிருந்து எடுத்து ஈடுகட்டுவார்கள். நல்ல யோசனை. ஆனால் 2021-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வந்த காட்டுத் தீ, சீட்டு விற்ற காட்டையும் சேர்த்துத் தின்றது. வெப்பம் ஏறினால் தீயும் ஏறும், புயலும் ஏறும். போன நூற்றாண்டின் தீயைக் கணக்கிட்டு அடுத்த நூற்றாண்டுக்கு நெல் ஒதுக்கினால் குதிர் காலியாகும். வருங்காலத்தின் புயலைக் கொண்டு கணக்குப் போடுவதுதான் தொலைநோக்கு.

வன்னி இலைச் சம்பளம்

இவ்வளவு வக்கணையாகக் குறை சொல்கிறாயே, வழி சொல் என்பீர்கள். வழியும் விருத்தாசலம் கோயிலிலேயே இருக்கிறது. விபசித்து முனிவர் திருப்பணி செய்தபோது கூலி கொடுக்கக் காசில்லை. வன்னி மரத்து இலையைப் பறித்துக் கையில் கொடுத்தார். வேலை செய்தவன் கையில், செய்த வேலை அளவுக்கு அந்த இலை பொன்னாக மாறியது. ஏய்த்தவன் கையில் இலை இலையாகவே இருந்தது. அந்த வன்னி என்று சொல்லி ஒரு மரத்தை இன்றும் காட்டுகிறார்கள்.

பகுத்தறிவாளர்கள் மன்னிக்கவும், இதைவிடச் சுத்தமான சந்தை விதி எங்கும் இல்லை. வேலைக்குப் பிறகே பொன். வேலை அளவுக்கே பொன். எவ்வளவு வேலை என்று சொல்லும் உரிமை வேலைக்காரனுக்கும் இல்லை, மேஸ்திரிக்கும் இல்லை. கார்பன் சந்தை செய்தது இதற்கு நேர் எதிர்: பொன்னாகப் போகிறது என்று சொல்லி இலையை முன்கூட்டியே விற்றது. வாங்கினவரும் சந்தோஷப்பட்டார். அவருக்கு வேண்டியது ரசீது.

இந்தியாவும் இப்போது சொந்தக் கடை திறக்கிறது. எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தை 2022-ல் திருத்தி, 2023 ஜூனில் கார்பன் சீட்டு வர்த்தகத் திட்டத்தை அரசு அறிவித்தது. பெரிய ஆலைகளுக்கு இலக்கு. மற்றவர்கள் விரும்பினால் தானாக வந்து சேர ஒரு வாசல். விருத்தாசலத்துச் சூளைக்காரருக்கும் அந்த வாசல் ஒருநாள் திறக்கலாம். கடை திறக்குமுன் பழைய கடைகளின் திவால் கதையைப் படித்துக்கொள்வது செலவில்லாத முதலீடு.

என் பங்குக்கு ஒரு காரியம் செய்யலாம் என்றிருக்கிறேன். விருத்தாசலம் பக்கத்தில் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் இருக்கிறார். குறையைத் தாளில் எழுதிக் கட்டணத்தோடு பிராது கட்டிவிட்டு வந்தால் மூன்று மாதத்தில் விசாரித்து முடிப்பார் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. முடிந்ததும் போய் ராஜினாமா கொடுத்துப் பிராதைத் திரும்பப் பெறவேண்டும். கார்பன் சந்தை இன்னும் தடுமாறுகிற புகார் ஏற்பாடு இவரிடம் வெகு காலமாக இருக்கிறது. பிராது தயார்:

“கொளஞ்சியப்பர் சமூகத்துக்கு, மங்கலம்பேட்டைவாசி எழுதிக்கொண்டது.

ஒன்று: சோதிக்கிறவருக்குச் சோதிக்கப்படுகிறவர் கூலி கொடுக்கக் கூடாது. பொது நிதியிலிருந்து கொடுக்கட்டும். யார் யாரைச் சோதிப்பது என்று குலுக்கிப் போடட்டும்.

இரண்டு: ‘நாங்கள் இல்லாவிட்டால்’ என்ற கதையை, சீட்டு விற்கிறவர் எழுதக் கூடாது. பக்கத்துக் காட்டை வருஷா வருஷம் அளந்து ஒப்பிட்டு, வேறொருவர் எழுதட்டும்.

மூன்று: ஒரு விதி போடுமுன், இதை எல்லோரும் செய்தால் என்ன ஆகும், எமகாதகன் ஒருவன் செய்தால் என்ன ஆகும் என்று இரண்டு தடவை யோசிக்கட்டும்.

நான்கு: புயலுக்கும் தீக்கும் ஒதுக்கும் பங்கை இனி வரும் வெயிலைப் பார்த்து முடிவு செய்யட்டும்.

ஐந்து: அரசாணையில் முடிகிற வேலைக்குச் சந்தை போடக் கூடாது.

ஆறு: சீட்டு வாங்குகிறவர் முதலில் தன் சொந்தப் புகைபோக்கியைக் குனிந்து பார்த்துவிட்டு வரட்டும்.

பிரதிவாதிகள் லண்டன், நியூயார்க், டெல்லி முதலிய இடங்களில் வசிப்பவர்கள். சம்மன் அனுப்பும் பொறுப்பு தங்களுடையது. பிராதுக் கட்டணத்தைக் கிலோமீட்டர் கணக்கில் வசூலிப்பதாகக் கேள்வி. தூரத்தைத் தயவுசெய்து வாதியின் ஊரிலிருந்து கணக்கிடவும். பிரதிவாதிகளின் ஊரிலிருந்து கணக்கிட்டால் எனக்குக் கட்டுப்படியாகாது.”